சுட்ட சுண்ணாம்பும் தெர்மாமீட்டரும்: பதினொன்றாம் வகுப்பு வெப்பக் கணக்கு எங்கே குழம்புகிறது?

கேள்வி சுருக்கமாக இது: "பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வெப்பம் வெளிவரும் வினைக்குக் கழித்தல் குறி போடச் சொல்கிறார்கள். ஆனால் தெர்மாமீட்டரில் வெப்பநிலை ஏறத்தானே செய்கிறது? இயற்பியலில் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று வெப்பம் வேறு மாதிரி வருகிறது. இரண்டும் ஒன்றுதானா? சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறதே, அந்தச் சூடு அதுவரை எங்கே இருந்தது?"

கடைசிக் கேள்விதான் நல்ல கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற இரண்டும் வழியிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் நேர் பதில். இரண்டும் ஒரே வெப்பம்தான். வேதியியல் பாடம் "எவ்வளவு வெப்பம்?" என்று கேட்கிறது. இயற்பியல் பாடம் "அது எந்த வழியாக, எவ்வளவு வேகமாகப் போகிறது?" என்று கேட்கிறது. தெர்மாமீட்டர் இந்த இரண்டில் எதற்கும் நேராகப் பதில் சொல்வதில்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு வேகமாகப் போனது, அதை எத்தனை கிராம் பொருள் பங்கிட்டுக்கொண்டது என்ற மூன்றும் சேர்ந்து என்ன ஆனதோ அதைத்தான் அது காட்டுகிறது. பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான்.

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தும்போது தெறிக்கிற பொறி ஆயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும். அது கையில் பட்டால் சுருக்கென்று ஒரு நொடி, அவ்வளவுதான். (கம்பியைத் தொட்டால் கதை வேறு, தொடாதீர்கள்.) 80 டிகிரி வெந்நீர் ஒரு டம்ளர் கொட்டினால் தோல் கொப்புளித்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடத்தில் வரும் சூத்திரம் ஒன்றுதான்: வெப்பம் = நிறை × தன் வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை மாற்றம். (தன் வெப்ப ஏற்புத்திறன் என்பது ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம்.) பொறி என்பது 0.1 மில்லிகிராம் இரும்பு என்று வைத்துக்கொள்வோம். இரும்பின் தன் வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு டிகிரிக்கு 0.45 ஜூல். ஆயிரம் டிகிரி ஆறினாலும் அது தருவது 0.045 ஜூல். 200 கிராம் தண்ணீர் 80-லிருந்து உடல் சூடான 37-க்கு இறங்கினால் 200 × 4.18 × 43, அதாவது ஏறக்குறைய 36,000 ஜூல். வெப்பநிலையில் பொறி எங்கோ மேலே இருக்கிறது. வெப்பத்தில் அது ஒன்றுமே இல்லை.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகப் பிரித்துப் பார்த்தவர் ஜோசப் பிளாக். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். அப்படியானால் ஒரே கன அளவு எடுத்தால் பாதரசத்தைச் சூடாக்க அதிக நேரம் பிடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு, பாதரசம்தான் சீக்கிரம் சூடாகும். ஏன் என்று இன்று எண்ணிலேயே சொல்லிவிடலாம். பாதரசத்தின் தன் வெப்ப ஏற்புத்திறன் 0.14. ஒரு மில்லிலிட்டர் பாதரசத்தை ஒரு டிகிரி ஏற்ற 13.6 × 0.14 = 1.9 ஜூல் போதும். ஒரு மில்லிலிட்டர் தண்ணீருக்கு 4.18 வேண்டும். கனத்தை வைத்து வெப்பத்தைக் கணிக்க முடியாது, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பசி உண்டு என்று பிளாக் கண்டார்.

சரி, சுண்ணாம்புக்கு வருவோம்.

சுட்ட சுண்ணாம்பு என்பது கால்சியம் ஆக்சைடு. தண்ணீர் சேர்ந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. ஒரு மோல் (துகள்களை எண்ண வேதியியல் வைத்திருக்கும் அளவு) நீறும்போது ஏறக்குறைய 65 கிலோஜூல் வெளிவருகிறது. ஒரு மோல் கால்சியம் ஆக்சைடு 56 கிராம். ஆக, ஒரு கிலோவில் கிட்டத்தட்ட 17.9 மோல், மொத்த வெப்பம் 1,160 கிலோஜூல். இந்த எண் மாறாது. தொட்டியில் நீற்றினாலும் வாளியில் நீற்றினாலும், ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பு முழுக்க நீறினால் 1,160 கிலோஜூல்தான்.

இப்போது அதே ஒரு கிலோவை இரண்டு விதமாக நீற்றிப் பார்க்கலாம். முதலில் 10 லிட்டர் தண்ணீரில் போடுகிறோம். வினைக்குள் போகும் தண்ணீர் 320 கிராம்தான், மீதி 9.68 கிலோ சும்மா நின்று சூட்டை வாங்கிக்கொள்கிறது. அதோடு உண்டான 1.32 கிலோ நீற்றிய சுண்ணாம்பும் சூடாக வேண்டும். அதன் தன் வெப்ப ஏற்புத்திறன் ஏறக்குறைய 1.2. இரண்டையும் சேர்த்தால் ஒரு டிகிரி ஏற்ற 42 கிலோஜூல் தேவை. 1,160-ஐ 42-ஆல் வகுத்தால் 27, 28 டிகிரி. 30 டிகிரியில் இருந்த தண்ணீர் 58-க்குப் போகும். சூடு நன்றாகத் தெரியும், கொதிக்காது.

அடுத்து 3 லிட்டரில். இப்போது ஒரு டிகிரி ஏற்ற 12.8 கிலோஜூல்தான் வேண்டும். 1,160-ஐ வகுத்தால் 91 டிகிரி ஏற்றம். 30-உம் 91-உம் 121 டிகிரி என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிற மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திறந்த தொட்டியில் தண்ணீர் 121 டிகிரிக்குப் போகாது. 100-ஐ எட்டுவதற்கு 895 கிலோஜூல் செலவாகிறது. மிச்சம் 265 கிலோஜூல் வெப்பநிலையை ஒரு டிகிரிகூட ஏற்றாமல் தண்ணீரை ஆவியாக்கப் போய்விடுகிறது. ஒரு கிராம் தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க 2,257 ஜூல். ஆக, ஏறக்குறைய 117 கிராம் தண்ணீர் புஸ்ஸென்று கிளம்புகிறது. சுண்ணாம்புத் தொட்டி குமுறுகிறதே, அந்தக் குமுறல் இந்த 117 கிராம்தான். உண்மையில் தொட்டியும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பதால் ஆவி சற்றுக் குறையும். கணக்கின் போக்கு மாறாது.

இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். இதையும் பிளாக்தான் 1760-களின் தொடக்கத்தில் அளந்தார். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பழுது பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட், நீராவி இவ்வளவு வெப்பத்தைச் சுமந்து போகிறது என்ற விளக்கத்தை பிளாக்கிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். இட்லிப் பாத்திரத்தைத் திறக்கும்போது ஆவி பட்டால் கொதிநீர் பட்டதைவிட மோசமாக வேகுவதும் இதனால்தான். 100 டிகிரி தண்ணீர் ஒரு கிராம், தோலில் 37-க்கு ஆறினால் தருவது 263 ஜூல். 100 டிகிரி ஆவி ஒரு கிராம், நீராகி ஆறினால் 2,520 ஜூல். தெர்மாமீட்டருக்கு இரண்டும் 100 டிகிரிதான்.

தண்ணீரே போதாமல் கொஞ்சமாகத் தெளித்தால் என்ன ஆகும்? சூட்டை 100-இல் பிடித்து நிறுத்த ஆளில்லை. கட்டியின் உள்ளே சில இடங்கள் 100 டிகிரியைத் தாண்டிப் போய்விடும், கட்டி வெடித்துத் தெறிக்கும். வீட்டில் செய்து பார்க்கலாமே என்று நினைத்தால் வேண்டாம். தெறிக்கிற துளி சூடு மட்டுமல்ல, கடுங்காரம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்தச் சூடு எங்கே இருந்தது என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கால்சியம் ஆக்சைடுக்குள் வெப்பம் என்று ஒன்று மூட்டை கட்டி இருக்கவில்லை. அது அறை வெப்பநிலையில்தான் இருந்தது, தண்ணீரும் அப்படியே. 1789-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே தனிமங்களின் பட்டியல் போட்டபோது "கலோரிக்" என்று வெப்பத்தையும் ஒரு தனிமமாகச் சேர்த்துவிட்டார். எடையில்லாத ஒரு பாய்மம், பொருள்களுக்குள் புகுந்து வெளிவரும் என்பது அன்றைய எண்ணம். 1798-இல் ரம்ஃபோர்டு என்ற அறிவியலாளர் ஜெர்மனியின் மியூனிக்கில் பீரங்கிக் குழாய் துளைக்கும் வேலையைக் கவனித்து, மழுங்கிய துளைப்பானால் தேய்க்கத் தேய்க்க வெப்பம் தீராமல் வந்துகொண்டே இருக்கிறது என்று காட்டினார். உள்ளே அடைத்துவைத்த பொருள் என்றால் ஒரு கட்டத்தில் தீர வேண்டுமே! அப்புறம் 1840-களில் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல், இயக்க வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள மாற்று விகிதத்தை அளந்து முடித்தார். இவ்வளவு ஆன பிறகும் "பொருளுக்குள் இருக்கும் வெப்பம்" என்று நாம் பேசுவதை விடவில்லை. பேச்சில் பரவாயில்லை, கணக்கில் ஆகாது. வெப்பம் என்பது வெப்பநிலை வேறுபாட்டால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் ஆற்றல். போய்ச் சேர்ந்த பிறகு அது அந்தப் பொருளின் அக ஆற்றலில் ஒரு பகுதி.

வினைக்கு முன் இருந்தது, அணுக்களும் அயனிகளும் ஒன்றையொன்று பிடித்திருந்த விதம். நீறும்போது ஆக்சைடு அயனி தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கி, இரண்டும் ஹைட்ராக்சைடு ஆகின்றன. பழைய பிடியை விடுவிக்க ஆற்றல் செலவு. புதுப் பிடி அமையும்போது ஆற்றல் வரவு. வரவு அதிகம். அந்த உபரிதான் 65 கிலோஜூல்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை உடைத்தாக வேண்டும். "பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். உயிரியல் பாடத்தில் செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி பற்றிப் படிக்கும்போது ஒட்டிக்கொள்வது என்று எனக்குச் சந்தேகம். எந்தப் பிணைப்பானாலும் உடைக்க ஆற்றல் கொடுக்கத்தான் வேண்டும். ஹைட்ரஜன் எரிவதைப் பாருங்கள். ஒரு மோல் ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல், அரை மோல் ஆக்சிஜனை உடைக்க 249, மொத்தச் செலவு 685. தண்ணீரில் இரண்டு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒன்றுக்கு 463, வரவு 926. மிச்சம் 241 கிலோஜூல். சோதனையில் அளந்த மதிப்பு, நீராவியாக உண்டானால், 242. பிணைப்பு ஆற்றல்கள் சராசரி மதிப்புகள் என்பதால் எல்லா வினைக்கும் இவ்வளவு பொருத்தமாக வராது. ஆனால் செலவும் வரவும் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே வராது.

அடுத்தது குறி. கழித்தல் குறிச் சண்டை முழுவதும் தெர்மாமீட்டர் எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்காததால் வருவது. வினைபுரியும் துகள்கள்தான் அமைப்பு. அவற்றைச் சுற்றியுள்ள தண்ணீர், பீக்கர், காற்று, உங்கள் தெர்மாமீட்டர் எல்லாமே சுற்றுப்புறம். கரைசலுக்குள்ளேயே தெர்மாமீட்டரை முக்கினாலும் அது அளப்பது கரைசலிலுள்ள தண்ணீரின் வெப்பநிலையை. கடன் கொடுத்தவர் நோட்டில் கழித்தல், வாங்கியவர் நோட்டில் கூட்டல், தொகை ஒன்றுதான். தண்ணீரின் நோட்டில் கூட்டல் 2,550 ஜூல் என்று வந்தால், வினையின் நோட்டில் அது கழித்தல் 2,550. என்தால்பி மாற்றம் (மாறாத அழுத்தத்தில் வினை வாங்கும் அல்லது விடும் வெப்பம்) என்று கேட்டால் அவர்கள் கேட்பது வினையின் நோட்டை. அதனால்தான் வெப்பநிலை ஏறியும் விடை கழித்தல்.

ஆய்வகத்தில் செய்யும் நடுநிலையாக்கல் சோதனையை வைத்தே பார்ப்போம். ஒரு மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி. கலந்ததும் 6.1 டிகிரி ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடாவது அமிலம் மட்டுமல்ல, கலவை முழுவதும். எனவே நிறை 100 கிராம். 50 என்று போட்டு விடையைப் பாதியாக்குவது இந்தக் கணக்கின் மிகச் சாதாரணமான பிழை. 100 × 4.18 × 6.1 = 2,550 ஜூல். உண்டான தண்ணீர் 0.05 மோல். வகுத்தால் மோலுக்கு 51 கிலோஜூல். பாடப்புத்தகம் சொல்வது 57 சொச்சம். ஆறு கிலோஜூல் எங்கே போனது?

கண்ணாடி பீக்கருக்குப் போனது. கரைசல் தொடும் கண்ணாடி 60 கிராம், அதன் தன் வெப்ப ஏற்புத்திறன் 0.84 என்று கொண்டால் 60 × 0.84 × 6.1 = 307 ஜூல். அதையும் சேர்த்து 0.05-ஆல் வகுத்தால் 57.1 கிலோஜூல். உண்மைச் சோதனையில் இவ்வளவு அழகாக வராது, காற்றுக்கும் கொஞ்சம் போகும். ஆனால் குறைகிற பகுதியில் பெரும்பங்கு பாத்திரம்தான். பீக்கருக்குப் பதில் தெர்மோகோல் கப்பில் செய்தால் விடை சட்டென்று நெருங்கி வருவது இதனால்தான். தெர்மோகோல் பெரும்பாலும் காற்று, எடையே இல்லை, எனவே பசியும் இல்லை, கடத்துவதும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த துணைக்கேள்வி ஒன்று உண்டு. இரண்டையும் 50-க்குப் பதில் 100 மில்லி எடுத்தால் வெப்பநிலை ஏற்றம் இரட்டிப்பாகுமா? வகுப்பில் பாதிப் பேர் ஆகும் என்று கை தூக்குவார்கள். ஆகாது. வெப்பம் இரட்டிப்பாகிறது, அதை வாங்கிக்கொள்ளும் நிறையும் இரட்டிப்பாகிறது. ஏற்றம் அதே ஆறு டிகிரிதான். செறிவை இரு மோலார் ஆக்கினால்தான் ஏற்றம் இரட்டிக்கும். இந்த ஒரு கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்ல முடிந்தால் பாடத்தின் இந்தப் பகுதி உங்களுக்குக் கைவந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று: வெப்பநிலை மாற்றத்தோடு 273-ஐக் கூட்டாதீர்கள். 30-லிருந்து 36.1 போனால் மாற்றம் 6.1; கெல்வினிலும் 6.1-தான்.

நேர்மாறான வினைக்கு யூரியா போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் கைப்பிடி யூரியாவைப் போட்டுக் கலக்கினால் டம்ளர் சில்லிட்டுவிடும். மோலுக்கு ஏறக்குறைய 15 கிலோஜூலை யூரியா தண்ணீரிடமிருந்து வாங்கிக்கொண்டு கரைகிறது. தண்ணீரின் நோட்டில் கழித்தல், கரையும் யூரியாவின் நோட்டில் கூட்டல். வெப்பம் வாங்கிக்கொண்டு தானாக எப்படிக் கரைகிறது என்ற சந்தேகம் வர வேண்டும். அதற்கு என்ட்ரோபி என்கிற அடுத்த பகுதி வரை பொறுங்கள்.

இப்போது இயற்பியல் பாதி. வினை கொடுத்த வெப்பம் எந்த வேகத்தில் வெளியே போகிறது? கடத்தலுக்குச் சூத்திரம் எளிது: வேகம் = கடத்துதிறன் × பரப்பு × வெப்பநிலை வேறுபாடு ÷ தடிமன். கடத்துதிறன் தாமிரத்துக்கு ஏறக்குறைய 400, அலுமினியத்துக்கு 237, எவர்சில்வருக்கு 15, கண்ணாடிக்கு 1, தண்ணீருக்கு 0.6, மரத்துக்கு 0.15, அசையாத காற்றுக்கு 0.025, எல்லாம் மீட்டருக்குக் கெல்வினுக்கு வாட் கணக்கில். உலோகங்களில் எவர்சில்வர் மட்டமான கடத்தி. ஆனாலும் அந்த டம்ளரில் காபி ஊற்றினால் விளிம்பைத்தான் பிடிக்க முடிகிறது. காரணம் தடிமன். அரை மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டையும் 5 மில்லிமீட்டர் மரத்தையும் ஒப்பிட்டால், மரத்தின் தடை ஆயிரம் மடங்கு. தாமிர டம்ளராக இருந்தால் தகட்டின் தடை இன்னும் 26 மடங்கு குறையும். ஆனால் கை 26 மடங்கு அதிகமாகச் சுடாது. ஏனென்றால் அந்த இடத்தில் பெரிய தடை தகட்டில் இல்லை, உங்கள் தோலில் இருக்கிறது. வெப்பம் வரிசையாகப் பல அடுக்குகளைத் தாண்டும்போது, தடை எங்கே மிக அதிகமோ அந்த அடுக்குதான் மொத்த வேகத்தையும் முடிவு செய்யும்.

அடுப்பிலும் இதே கதை. தாமிர அடிப்பாகம் போட்ட பாத்திரத்தில் தண்ணீர் மிக வேகமாகக் கொதிக்கும் என்று விற்பார்கள். வெறும் தண்ணீர் கொதிக்க வைப்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது. தீயின் சூடான வாயுவிலிருந்து பாத்திரத்தின் அடிக்கு வெப்பம் ஏறும் இடத்தில்தான் தடை அதிகம், உலோகத்தில் அல்ல. தாமிரம் உதவுவது வேறு இடத்தில். அடி முழுக்கச் சூட்டைச் சமமாகப் பரப்புவதால் பாயசம் அடிப்பிடிக்காது. ஒரு லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 100-க்குக் கொண்டுபோக 293 கிலோஜூல் வேண்டும். சமையல் வாயு ஒரு கிராம் எரிந்தால் 46 கிலோஜூல் சுமார். தீயின் சூட்டில் நூற்றுக்கு அறுபது பாத்திரத்துக்குள் போகிறது என்று கொண்டால் 10, 11 கிராம் வாயு செலவாகும். மீதி நாற்பது சமையலறையைச் சூடாக்குகிறது.

மர நாற்காலியும் இரும்பு நாற்காலியும் விடியற்காலையில் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். இரும்பு மட்டும் சில்லென்று இருப்பது அது கையின் வெப்பத்தை வேகமாக எடுத்துக்கொண்டு போவதால். நம் கை ஒரு மோசமான தெர்மாமீட்டர். அது உணர்வது பெரும்பாலும் வெப்பம் போகும் வேகத்தை.

சலனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; சூடான பாய்மம் அடர்த்தி குறைந்து மேலே போகிறது, குளிர்ந்தது கீழே வருகிறது. தண்ணீரின் கடத்துதிறன் வெறும் 0.6 என்பதை மறக்காதீர்கள். அடியில் தீ வைத்தால் பானை முழுக்கச் சூடாவது கடத்தலால் அல்ல, இந்தச் சுழற்சியால். கதிர்வீச்சுக்கு ஊடகம் வேண்டாம். அது கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படியில் ஏறும். 900 டிகிரியில் கனலும் சூளை வாயின் ஒரு சதுர அடி, 30 டிகிரிச் சுவரின் ஒரு சதுர அடியைவிட ஏறக்குறைய 220 மடங்கு வீசுகிறது. சூளைப் பக்கம் முகத்தைக் காட்ட முடியாமல் போவது காற்றின் சூட்டால் மட்டும் இல்லை.

காபியை ஆற்றுவதில் நான்காவது வழி ஒன்று சேர்ந்துகொள்கிறது, ஆவியாதல். 150 கிராம் காபி 85-லிருந்து 65-க்கு இறங்க 12.5 கிலோஜூல் போக வேண்டும். அஞ்சரை கிராம் ஆவியானாலே அது போய்விடும். டபராவில் தூக்கி ஆற்றும்போது நீங்கள் செய்வது அந்த அஞ்சரை கிராமுக்கு வெளியேற நிறையப் பரப்பைத் திறந்துவிடுவதுதான்.

இந்த இரண்டு பாதிகளும் சேரும் இடம் மறுபடியும் சுண்ணாம்பு. கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ, இரண்டும் கால்சியம் கார்பனேட். சூளையில் சுடும்போது அது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு கால்சியம் ஆக்சைடாகிறது. இது வெப்பக்கொள்வினை, மோலுக்கு 178 கிலோஜூலை வாங்கிக்கொள்கிறது. விறகோ கரியோ கொடுக்கும் அந்த 178-இல் 65 கிலோஜூல் நீற்றும் தொட்டியில் திரும்பி வருகிறது. மீதி 113 எங்கே? நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடிக்கிறோம். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. அந்த வினையின் என்தால்பி மாற்றம் மோலுக்குக் கழித்தல் 113 கிலோஜூல். 65-உம் 113-உம் 178. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் மொத்தம் பூஜ்யம். எந்த வழியாகப் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்று ஜெர்மைன் ஹெஸ் 1840-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சொன்ன விதி இதுதான். புத்தகத்தில் கார்பன், கார்பன் மோனாக்சைடு என்று முக்கோணம் போட்டிருப்பார்கள். எனக்கு இந்தச் சுண்ணாம்பு முக்கோணம்தான் எப்போதும் மேல்.

கவனியுங்கள்: சுவரில் வரும் 113, தொட்டியில் வந்த 65-ஐவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு. ஆனால் வெள்ளையடித்த சுவர் சுட்டது என்று யாரும் சொன்னதில்லை. தொட்டியில் சில நிமிடங்களில் எல்லாம் நடந்துவிடுகிறது. வெளியேறும் வேகத்தைவிட உண்டாகும் வேகம் பல மடங்கு, எனவே வெப்பநிலை ஏறுகிறது. சுவரில் அதே வேலை நாள்கணக்காக, வாரக்கணக்காக நடக்கிறது. உண்டாகிற ஒவ்வொரு ஜூலும் உடனுக்குடன் காற்றுக்கும் செங்கலுக்கும் போய்விடுகிறது. இரும்பு துருப்பிடிப்பதும் வெப்ப உமிழ்வினைதான். இரும்புத் தூளை உப்பும் ஈரமும் சேர்த்துப் பையில் அடைத்து வேகப்படுத்தினால் அதுவே குளிர்பிரதேசங்களில் கை சூடாக்கும் பை. "சூடாகவில்லை, எனவே வெப்ப உமிழ்வினை இல்லை" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள்.

கடைசியாக, மேலே ஹைட்ரஜன் எரிவதற்கு 242 என்று சொன்னேன். உங்கள் புத்தகத்தில் 286 என்று இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் சரி. 242 என்பது தண்ணீர் ஆவியாக உண்டானால். 286 என்பது 25 டிகிரியில் திரவமாக உண்டானால். வித்தியாசம் 44 கிலோஜூல். 18 கிராமால் வகுத்துப் பாருங்கள், கிராமுக்கு 2.44 கிலோஜூல் வரும். அது 25 டிகிரியில் தண்ணீரின் உள்ளுறை வெப்பம். 100 டிகிரியில் 2.26, குளிர்ந்த தண்ணீருக்குச் சற்று அதிகம். வெப்பவேதியியல் சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் திண்மமா, திரவமா, வாயுவா என்று எழுதச் சொல்வது இந்த 44 கிலோஜூலுக்காகத்தான். எழுதாமல் விட்டால் விடை எந்த எண் என்றே சொல்ல முடியாது, திருத்துகிறவர் மதிப்பெண்ணில் கை வைப்பார்.